சிவப்புப் பூசிய இரண்டு கிலோ

சுழியோடும்போது இடுப்பில் கட்டும் பாரப் பட்டியை நேற்றுப் பெட்டியிலிருந்து எடுத்தேன். ஒவ்வொரு கிலோவாக ஆறு ஈயக்கட்டிகள். அவற்றில் இரண்டில் நீ பூசிய சிவப்பு நகப்பூச்சு இன்னும் உரியவில்லை.

இந்த மடல் பிந்தித்தான் வருகிறது, தோழி. டெங்குக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன கிழமை நான் எட்டு மாதக் கர்ப்பிணி. "வயித்துப் புள்ளயோட செத்த வீட்டுக்குப் போகக்கூடாது மகள்" என்று அம்மா நாவற்குடா வீட்டுக் கேற்றைப் பூட்டிவிட்டார். உன் முகத்தை நான் பார்க்கவில்லை. இப்போது என் மகளுக்குப் பதினொரு மாதம்.

பவளப்பாறை கணக்கெடுக்கும் வேலைக்கு நாம் சேர்ந்த வருடம். மழை ஓய்ந்து, வாவி இன்னும் உப்பேறாத பங்குனி. தன்னாமுனை வாவிக் கரையில் நாலு கிலோ கட்டிப் பழகினேன், சரியாக இருந்தது. அதே நாலோடு கடலிலும் இறங்கினேன். உப்புத் தண்ணீர் ஆளைக் கூடுதலாக மிதக்கவைக்கும் என்று பரீட்சையில் எழுதியவள்தான் நான். இறங்கும்போது ஒன்றும் தெரியவில்லை. காற்றுக் குறைந்து சிலிண்டர் இலேசானதும், திரும்பும் வழியில், உடம்பு அழுத்தம் இறங்க மூன்று நிமிடம் தரிக்கவேண்டிய ஐந்து மீற்றரில் நிற்க முடியாமல் மேலே இழுபட்டேன். நீ என் காலைப் பிடித்துத் தொங்கினாய். அந்த மூன்று நிமிடமும் விடவேயில்லை.

படகில் ஏறியதும் சிரித்தாய். "என்னகா, வாவிக் கணக்கைக் கட்டிக்கொண்டு கடலுக்கு வந்திருக்காய்?" அன்று பின்னேரமே இரண்டு கட்டிகளுக்குச் சிவப்புப் பூசித் தந்தாய். "சிவப்பு கடலுக்கு. வாவிக்குப் போனாக் கழட்டு. உன்ட மூளைய நம்பேலா."

நேற்று அந்த ஆறோடு இன்னும் இரண்டைக் கோத்தேன். பிள்ளை பெற்ற உடம்பு, பழைய கணக்குச் சரிவராது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுமட்டும் இல்லை. மறுபடி மேலே இழுபட்டால் பிடிக்க நீ இல்லை. வீட்டில் பால் குடிக்கும் பிள்ளை இருக்கிறாள்.

காற்று முடியப்போகும் சிலிண்டரோடு கடற்கரையோரத்தில் மிதந்து சோதித்தேன். மூச்சை இழுத்து நிறுத்தினால் தண்ணீர் கண்மட்டத்தில் நிற்கவேண்டும். என் தலை முழுதும் தாழ்ந்தது. "பயத்துக்குமா ஈயம் கட்டுறாய்?" என்று கேட்டிருப்பாய். ஒன்றைக் கழற்றினேன். தண்ணீர் கண்மட்டத்தில் நின்றது. ஆக, கூட்டிய இரண்டில் ஒன்று உடம்புக்கு. மற்றது பயத்துக்கு.

இன்று காலை ஏழு கிலோவோடு இறங்கினேன். உன் சிவப்பு இரண்டும் அதில் இருந்தன. திரும்பும்போது ஐந்து மீற்றரில் நின்று மூன்று நிமிடம் எண்ணினேன். கூட வந்தவர் சற்றுத் தள்ளி நின்றார். ஒருமுறை குனிந்து என் காலைப் பார்த்தேன். யாரும் பிடிக்காமலே அது அந்த இடத்தில் நின்றது.