வார்டனுக்கு எழுதியது இதற்குள் இருக்கிறது

மரைன் ஹில், போர்ட் பிளேர்
3-5-1966

அன்புள்ள ஜெயமணிக்கு,

நீ கேட்காமல் நானாக எழுதுவதற்கு மன்னித்துக்கொள். எங்கள் கல்யாணத்தன்று நாலு வார்த்தை பேசியதோடு சரி, அப்பா தன் கடிதங்களின் கீழே 'சித்தி நலம்' என்று எழுதுவதைத் தவிர என்னைப் பற்றி உனக்கு எதுவும் தெரியாது. இங்கே இருவரும் சுகம், உன் இருமல் நின்றதா என்று எழுது.

சென்ற கப்பலுக்கு நாங்கள் சாத்தம் ஜெட்டிக்கு வந்திருந்தோம். நீ வருவாய் என்று அப்பா மீன்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். கடைசி ஆள் இறங்கிய பிறகும் நின்றோம், தபால் மூட்டைகளை எங்கள் முன்னால்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். கூலிக்காரர் ஒருவர் 'சப் உதர் கயே, பஹன்ஜி' என்றார், எல்லாரும் இறங்கியாயிற்று என்று. இரண்டு நாள் கழித்து உன் கடிதம் வந்தது, லீவுக்கு வரவில்லை, ஹாஸ்டலில் இருந்தே படிக்கிறேன், ஜெட்டியில் காத்திருக்க வேண்டாம் என்று. அந்த மூட்டைகளில் ஒன்றில்தான் அதுவும் வந்திருக்கிறது.

அப்பா சத்தம் போடவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து, "நீதான் இங்கிலீஷ் டீச்சராச்சே, அடுத்த கப்பல்ல அனுப்பியே ஆகணும்னு வார்டனம்மாவுக்கு 'மஸ்ட்' போட்டு எழுது" என்றார். ஒன்பதாம் வகுப்புக்கு இந்த வாரம் நான் நடத்துவதும் அதுதான், கட்டளைக்கு 'மஸ்ட்', புத்தி சொல்ல 'ஷுட்', அனுமதி என்றால் 'மே' என்று. மஸ்ட் சொன்னாலும் கேட்காதவர்களுக்கு எதைப் போடுவது மிஸ் என்று ஒரு வங்காளிப் பெண் இந்தியில் கேட்டாள், வகுப்பே சிரித்தது, எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டில் எழுத உட்கார்ந்தபோதும் தெரியவில்லை. உன்னைப் பெறாத நான் 'மஸ்ட்' எழுதக் கை வரவில்லை. உன்னைவிட எட்டு வயதுதான் மூத்தவள், 'ஷுட்' என்று புத்தி சொல்லவும் கூச்சமாக இருந்தது. மகள் விரும்பினால் வரலாம் என்று 'மே' போட்டு முடித்தேன். அப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது, "மஸ்ட் போட்டியா" என்று கேட்டார், "எழுதியாச்சு" என்றேன், கையெழுத்துப் போட்டுவிட்டார். இந்த ஒரு வருஷத்தில் அவரிடம் நான் மறைத்தது இது ஒன்றுதான். அதை வார்டனுக்கு அனுப்பாமல் இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன், கொடுப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம்.

அடுத்த கப்பல் மெட்ராஸிலிருந்து இருபத்தைந்தாம் தேதி கிளம்புகிறது, கீழ்த்தட்டுப் படுக்கைக்கான பங்க் டிக்கெட்டுக்குப் பதினெட்டாம் தேதிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம், மறந்துவிடாதே. வேளைக்குச் சாப்பிடு. ஆசி சொல்லும் வயது எனக்கு இல்லை, இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் எழுதாமலே முடிக்கப் பார்த்தேன். மர வேலையாக அப்பா மாயாபந்தர் போனால் பத்து நாள் நான் தனியாகத்தான் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் இந்தியும் இங்கிலீஷும் பேசிவிட்டு வந்து, தமிழில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் படுத்துவிடும் நாட்கள் உண்டு. அப்பாவுக்காக வராவிட்டால் போகட்டும். எனக்காக வா, ஜெயமணி.

இந்திராணி