கரண்டியைத் தேட வேண்டாம்

பெயின்டர் ஐயாவுக்கு,

தூங்குகிறவரை எழுப்ப மனசு வரவில்லை. நேற்றைய கோபமும் பாதி மிச்சமிருக்கிறது. அதனால் எழுதி வைத்துவிட்டு ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போகிறேன்.

சாயங்காலம் உங்கள் கூட்டாளிகள் நாலு பேருக்கும் மீன் குழம்பு வைக்கப்போவது நீங்கள்தான். அரைத்த மசாலா ஃபிரிட்ஜில் இருக்கிறது. மீனைக் கழுவி மஞ்சளும் உப்பும் தடவியாயிற்று. வெங்காயம் தக்காளியை வதக்கிச் சட்டியிலேயே வைத்திருக்கிறேன்; அது சூடானதும் மசாலாவைக் கரைத்து ஊற்றுங்கள். நன்றாகக் கொதித்த பிறகு மீனைப் போட்டுத் தீயைக் குறையுங்கள். அப்புறம் கிளறவே கூடாது. துணியால் சட்டியை இரண்டு பக்கமும் பிடித்து ஒரு சுற்று அசைத்தால் போதும். போன தடவை பெயின்ட் கலக்குகிற மாதிரி கலக்கிவிட்டீர்கள். உங்கள் மேஸ்திரி, "குழம்பு பிரமாதம், மீன் எங்கய்யா போச்சு?" என்று சட்டிக்குள் எட்டிப் பார்த்தாராமே.

சோற்றை ஆறரைக்கு வையுங்கள். மாடி வீட்டு அக்காவிடம் இரண்டு தட்டு கேட்டிருக்கிறேன், போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

கரண்டியைத் தேட வேண்டாம். வீட்டில் இருந்த மூன்றும் என் பையில் இருக்கின்றன.

பி.கு.: பரிமாறுவது எப்படி என்று யோசிப்பீர்கள். போன தடவை நான் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் எல்லாரும் சாப்பிட்டு முடித்து, எனக்கு வழித்த சட்டிதான் மிஞ்சியது. "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று நேற்றுகூடக் கேட்டீர்கள். இன்று ஏழரைக்கு வந்துவிடுவேன். கரண்டிகளும் என்னோடுதான் வரும்.

இன்னொன்று: மீன் தலை வழக்கம்போல உங்களுக்குத்தான். ஆனால் நான் எடுத்துப் போட்டால்தான்.