குற்றாலம் போய்த் திரும்பி வந்தோம், சகாயம்

என் உசிருக்கு உசிரான, இன்னும் நான் மன்னிக்காத தம்பி சகாயத்துக்கு,

குற்றாலம் போய்விட்டு வந்துவிட்டோம். அம்மா, உன் பொண்டாட்டி ஸ்டெல்லா, உன் மகள் ஜெனி, நான். நாலு பேர் போனோம், நாலு பேரும் முழுசாகத் திரும்பி வந்தோம். ஊரில் மற்றவர்கள் எல்லாம் அப்படித்தான் போய் வருகிறார்கள். உனக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கோபத்தோடுதான் எழுதுகிறேன். கல்லறைக்கு வந்து நேரிலேயே திட்டிவிட்டுப் போகலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். அங்கே வந்து உன் பேரைப் பார்த்ததும் அழுகை வந்துவிடுகிறது, திட்ட முடியாமல் திரும்பிவிடுகிறேன். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. வேறு யாராவது படித்தாலும் படிக்கட்டும். உன்னைப் போல ஒருத்தன் நிறைய வீடுகளில் போட்டோவாகத் தொங்கிக்கொண்டு சிரிக்கிறான்.

நீ போன பிறகு நம் வீட்டில் குற்றாலம் என்ற சொல்லையே யாரும் சொன்னதில்லை. ஆனி ஆடியில் டிவியில் அருவியைக் காட்டினால் அம்மா எழுந்து போய் அணைத்துவிடுவாள். சாரல் நன்றாக இருக்கிறதாம் என்று பக்கத்து வீட்டில் யாராவது சொன்னால் கதவைச் சாத்திவிடுவாள். குழாயில் தண்ணீர் வரும் நாளைத் திருவிழா மாதிரி எதிர்பார்க்கிற ஊரில் பிறந்தவன் நீ. நீ போய்த் தண்ணீரில் செத்தாய். அதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றிப் புனலூரில் இறக்கிவிட்டு, வெறும் லாரியோடு செங்கோட்டை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தாய். கூட வந்த வண்டிக்காரர்கள் செத்த நேரம் குற்றாலத்தில் நிறுத்துவோம் என்றார்கள். மலை மேல் மழை. அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். தடை என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரவேண்டியதுதானே? குடித்தாய். யாரோ வழி தெரியும் என்று சொன்னதை நம்பிப் புதருக்குள் ஏறினாய். பாறை மேல் நின்றுகொண்டு போட்டோ எடுக்கச் சொன்னாய். அந்தப் போட்டோவை எடுத்தவன் பிறகு என்னிடம் வந்து அழுதான். கையில் போன் இருந்தது அக்கா, அதனால் கையை நீட்ட முடியவில்லை என்றான். அவனை நான் என்ன செய்திருக்க வேண்டும், சொல்.

தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போய் உன்னை வாங்கி வந்தது நானும் என் வீட்டுக்காரரும். நான் நர்ஸ். குடித்துவிட்டு விழுந்து வருகிறவர்களுக்குத் தையல் போட்டே பாதி வாழ்க்கை போய்விட்டது. உன் பக்கத்தில் வந்து நின்றதும் எனக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் வீட்டில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோதே அம்மா ஸ்டெல்லாவைப் பார்த்து விரல் நீட்டிவிட்டாள். போனில் சண்டை போட்டு என் பிள்ளையை அனுப்பிவிட்டாள், அந்த வேதனையில்தான் அவன் நிதானம் தப்பினான் என்று. சொந்தக்காரர்கள் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். செத்தவன் தங்கமாகிவிட்டால் உயிரோடு இருக்கிறவர்களில் யாராவது பித்தளையாக வேண்டுமல்லவா? அவள் அந்த மத்தியானம் உனக்குப் போன் செய்தாள், உண்மைதான். ஜெனிக்குக் காய்ச்சல், நேராக வீட்டுக்கு வாங்க என்று சொன்னாள். அவ்வளவுதான். என்னிடம் மட்டும் ஒரு தடவை சொன்னாள். பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

நான் அம்மாவிடம் அப்போதே சொன்னேன். அவன் குடித்திருந்தான் அம்மா, நான் பார்த்தேன் என்றேன். நீயும் அவ பக்கமா என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வருஷா வருஷம் உனக்குப் பூசை வைத்து, தெருமுனையில் உன் சிரிப்பைப் பெரிதாக அடித்து ஒட்டுகிறார்கள். அந்தச் சுவரைத் தாண்டித்தான் ஸ்டெல்லா நூல் மில்லுக்கு ஷிப்டுக்குப் போகிறாள்.

அவள் அம்மா வீடு இங்கே பக்கத்தில், அகரத்தில்தான். போயிருக்கலாம். போகவில்லை. திண்டுக்கல் நாகல் நகரில் அதே வீட்டில், தன்னை அப்படிச் சொன்ன மாமியாருக்கே சோறு ஆக்கிப் போட்டுக்கொண்டு இருக்கிறாள். ஏன் என்று கேட்டால் ஜெனிக்குப் பள்ளிக்கூடம் பக்கம் என்பாள். அந்தப் பொறுமையைப் பார்த்தாலும் எனக்குக் கோபம்தான் வரும்.

ஜெனி இப்போது ஆறாம் வகுப்பு. நீ போகும்போது எல்.கே.ஜி. உன் நெற்றி, உன் பல்வரிசை. அப்பாவைச் சாமி கூப்பிட்டுக்கொண்டார் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தோம். இந்த வருஷம் வகுப்பில் ஒரு பெண், உங்கப்பா குத்தாலத்தில் தண்ணி அடித்துத் தண்ணிக்குள் விழுந்தவர்தானே என்று கேட்டிருக்கிறாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் தலைக்கு ஊற்றும்போது வீல் என்று கத்தினாள். அதற்குப் பிறகு தலையில் தண்ணீர் பட்டாலே நடுக்கம். மழைக்குக்கூட வெளியே வருவதில்லை. ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துத்தான் அவளுக்குத் தலை சுத்தம் செய்தோம். நீ செத்துப்போய் இத்தனை வருஷம் கழித்து உன் பிள்ளையின் குளியலறைக்குள் வந்து நின்றாய்.

ஸ்டெல்லா என் ஆஸ்பத்திரிக்கே வந்தாள். ஷிப்ட் முடிந்து வந்தவள், தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"மதினி, நான் புள்ளையக் குத்தாலம் கூட்டிட்டுப் போகப்போறேன். அந்தத் தண்ணியில அம்புட்டுப் பேரு குளிச்சிட்டு வீட்டுக்குப் போறாகல்ல, அத அவ கண்ணால பாக்கணும். நீங்க கூட வாங்க."

அவள் என்னிடம் எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை. சரி என்றேன்.

எல்லாவற்றையும் அவளே யோசித்து வைத்திருந்தாள். ஒரு ராத்திரி தங்க வேண்டும் என்றாள். போன உடனே குளி என்றால் பிள்ளை மிரளும், சாயங்காலம் தூரமாக நின்று பார்க்கட்டும், காலையில் பக்கத்தில் போகலாம். மெயினருவியில் கூட்டம் நெரியும், அதனால் ஐந்தருவி. பெண்கள் பக்கத்தில் கம்பி கட்டியிருக்கும், பிடித்துக்கொள்ளலாம். தினமும் போனில் தண்ணீர் எப்படி விழுகிறது, தடை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். தடை என்று இருந்தால் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காமல் திரும்பிவிடுவோம் என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, இந்தப் புத்தியில் கால்வாசி உனக்கு இருந்திருக்கக் கூடாதா என்று பல்லைக் கடித்தேன்.

வீட்டில் சொன்னதும் வெடித்தது. அம்மா உடனே பெரிய மாமாவுக்குப் போன் போட்டாள். அவர் என்னைக் கூப்பிட்டு, தாலி அறுத்தவளுக்கு அருவி கேட்கிறதா என்றார். சகாயத்தின் பொண்டாட்டி மில்லில் நின்று சம்பாதித்த போது நீங்கள் எங்கே இருந்தீர்கள் மாமா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அப்புறம் ஒரு சாயங்காலம் அம்மாவிடம் நேரில் பேசப் போனேன். ஜெனி தரையில் உட்கார்ந்து கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த மலையில காலு வைக்கிறவ இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது," என்றாள் அம்மா. "எம்புள்ளைய முழுங்குன எடம் அது. அவன அங்க அனுப்பி வச்சவளுக்கு அது தெரியாதா?"

ஸ்டெல்லா அடுப்படியில் நின்றிருந்தாள். ஜெனி பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அப்பத்தா, அப்பா குடிச்சிட்டுத்தான விழுந்தாரு?"

ஸ்டெல்லா அவளை உள்ளே போகச் சொன்னாள். அவள் போகவில்லை.

"அம்மா போன்ல திட்டுச்சு, அதான் அப்பா செத்துட்டாருன்னு சொல்றீங்கள்ல. என்னைய எல்லாரும் தெனமும் திட்டுறீங்க. நான் என்ன குடிக்கவா போறேன்?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அம்மா எழுந்து உள்ளே போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். அதற்கப்புறம் இரண்டு நாள் யாரோடும் பேச்சில்லை. சனிக்கிழமை விடிகாலையில் கார் வாசலில் வந்து நின்றபோது, கையில் ஒரு பையோடு வெளியே வந்தாள். நானும் வாரேன், புள்ளைய நம்பி விட முடியாது என்று காரைப் பார்த்துச் சொல்லிவிட்டு முன் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் ஐந்தருவியைத் தூரமாக நின்றுதான் பார்த்தோம். ஜெனி என் கையை விடவே இல்லை. சத்தத்தைக் கேட்டதும் அவள் கை ஜில்லிட்டுப் போனது. சாப்பிடாமலே படுத்துக்கொண்டாள். நாம் செய்வது சரிதானா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

காலையில் தண்ணீர் அளவாக விழுந்தது. போலீஸ்காரம்மா விசில் ஊதி ஊதிப் பெண்களை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா சுடிதாரோடு தனியாகப் போனாள். தண்ணீருக்குள் அவள் மறைந்ததும் ஜெனி அம்மா என்று அலறினாள். ஸ்டெல்லா உடனே வெளியே வந்தாள். முடியெல்லாம் முகத்தில் ஒட்டியிருந்தது. இங்கே பார், இருக்கிறேன் என்பது போலக் கையை ஆட்டினாள். மறுபடியும் போனாள், மறுபடியும் வந்தாள். அப்படியே போய்ப் போய் வந்தாள். ஒவ்வொரு தடவையும் அவள் வெளியே வரும்போது ஜெனி ஓரடி முன்னால் போனாள். உன் பொண்டாட்டி சிரிப்பதை எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நான் பார்த்தேன். நல்ல சிரிப்பு அவளுக்கு. உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

அப்போதுதான் பின்னால் அம்மாவின் முனகல் கேட்டது. ஜெபம் சொல்கிறாள் என்று நினைத்தேன். துண்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அருவியைப் பார்த்து உன்னைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"பாவிப்பயலே. புள்ளைக்குக் காச்சல்னு சொன்னாள்ல. வீட்டுக்கு வாங்கன்னு அம்புட்டுத் தன்மையாக் கூப்பிட்டாள்ல. ஒனக்குப் பாறை மேல என்னடா வேலை?"

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஸ்டெல்லா உனக்குப் போன் செய்தபோது அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள். ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டிருக்கிறாள். ஸ்டெல்லா சண்டை போடவில்லை என்று தெரிந்தேதான் ஊர் முழுக்க அப்படிச் சொன்னாள். உன்னைக் குற்றவாளி ஆக்க மனசு வராமல், அந்தப் பெண்ணை ஆக்கினாள்.

நான் அங்கேயே அம்மாவிடம் சண்டைக்குப் போய்விட்டேன். எப்படி அம்மா உனக்கு மனசு வந்தது என்று கத்தினேன். சுற்றி இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்டெல்லா ஈரத்தோடு வந்து என் கையைப் பிடித்தாள்.

"விடுங்க மதினி. அத்தை அன்னைக்கு எம் பக்கத்துலதான் உக்காந்திருந்தாக. எனக்குத் தெரியும். அவுக வாயால வரட்டும்னுதான் இருந்தேன்."

அம்மா கிட்டே வந்தாள். பையிலிருந்து துண்டை எடுத்து ஸ்டெல்லாவின் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். ஸ்டெல்லா குனிந்து நின்றாள், இரண்டு பேரும் அழுதார்கள். அதை மன்னிப்பு என்று ஸ்டெல்லா எடுத்துக்கொள்ளட்டும், அது அவள் இஷ்டம். என்னால் முடியவில்லை. ஒரு துண்டில் துடைத்துவிடக் கூடியதா அது?

நாங்கள் மூன்று பேரும் இப்படி நின்றுகொண்டிருந்தபோது ஜெனியைக் காணோம். சுற்றிலும் தேடினேன். பார்த்தால், கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, ஓரமாகச் சிதறி விழுகிற தண்ணீரில் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். போலீஸ்காரம்மா பக்கத்திலேயே நின்று அவள் தோளைப் பிடித்திருந்தார். கொஞ்ச நேரம்தான். ஓடி வந்து அவள் அம்மா மேல் மோதினாள். நடுங்கிக்கொண்டே, இன்னொரு தடவை போகட்டுமா என்று கேட்டாள்.

திண்டுக்கல் திரும்பியதும் பெரிய மாமா வந்தார். இந்த வருஷ அஞ்சலி போஸ்டருக்கு எந்தப் போட்டோ என்று கேட்டார். அம்மா, போஸ்டர் வேண்டாம் என்றாள். போனில் ஸ்டெல்லா சண்டை போட்டதாகத் தான் சொன்னது பொய் என்றும் சொன்னாள். மாமா நம்பவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டார். இனி ஒவ்வொருவரிடமாக அவள் சொல்ல வேண்டும். சொல்ல வைப்பேன்.

உனக்கும் ஒரு வாக்கு தருகிறேன். உன்னைப் பற்றி ஜெனியிடம் இனி யாரையும் பொய் சொல்ல விடமாட்டேன். நீ குடித்ததையும் சொல்வேன். அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு பூசைக்குப் போனதையும், அவள் தூங்க வேண்டும் என்பதற்காக லாரியை வீட்டு வாசலில் ஹாரன் அடிக்காமல் நிறுத்தியதையும் சொல்வேன். அவள் உன்னைக் கோபித்துக்கொள்ளட்டும். கோபித்துக்கொள்ள ஒரு அப்பன் வேண்டும் அவளுக்கு, போஸ்டர் அல்ல. அடுத்த சாரலுக்கும் அவளைக் கூட்டிப்போவேன், திரும்பவும் கூட்டி வருவேன்.

இன்னும் கோபம் ஆறாத, ஆறினாலும் உன்னை விட்டுக்கொடுக்காத,
உன் கூடப்பிறந்த அக்கா,
ரீட்டா