தொண்ணூற்றாறு டிகிரி

மார்ச் 3, செவ்வாய்

லேப்டாப் மறுபடியும் தானாக அணைந்துவிட்டது. பத்து நாளாக இதே கதை. ஒப்பந்தக்காரருக்கு மூன்று மாடி வீட்டின் உட்புறக் காட்சியை வெள்ளிக்குள் அனுப்ப வேண்டும். படிக்கட்டு வரைந்து முடித்து, ஜன்னல் வெளிச்சத்தைச் சரி செய்துகொண்டிருந்தேன். திரை கறுத்தது. கீபோர்டில் கை வைக்க முடியவில்லை, அப்படி ஒரு சூடு.

அரை மணி ஆறவிட்டுத் திரும்பப் போட்டேன். பிராசஸர் வெப்பநிலை தொண்ணூற்றாறு டிகிரி. ஒரு ஃபைலைக்கூடத் திறக்கவில்லை. சும்மா இருக்கும்போதே தொண்ணூற்றாறு!

கேம் விளையாடுவதற்கென்றே செய்த லேப்டாப் இது. அத்தனை பெரிய கேமைத் தாங்குவது உன் சுவரையும் ஜன்னலையும் தாங்காதா என்று சொல்லித்தான் ஏழு மாதம் முன்பு அப்பா என் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தார். எல்லாவற்றையும் போட்டு, தயார் செய்து, கையில் கொடுத்தார்.

மார்ச் 5, வியாழன்

லேப்டாப்பின் மின்சாரப் பயன்பாட்டைக் குறைத்து வைத்தேன். ஃபேனை முழு வேகத்தில் விட்டேன். அடியில் இரண்டு தடிப் புத்தகங்களை வைத்துத் தூக்கி நிறுத்தினேன். தொண்ணூற்று நான்கு.

ஒப்பந்தக்காரர் இன்னும் இரண்டு வாரம் பொறுப்பதாகச் சொன்னார். சொன்ன குரலில் பொறுமை இல்லை.

மார்ச் 7, சனி

அப்பா களத்தில் இறங்கினார். முப்பது வருஷம் ஏ.சி. மெக்கானிக்காக இருந்த மனுஷர், சூடு என்றால் சும்மா விடுவாரா? "முதல்ல சூடு எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிக்கணும். குளிர வைக்கிறது அப்புறம்," என்றார்.

பின்மூடியைக் கழற்றி, ஃபேன் இறக்கை ஒவ்வொன்றையும் பிரஷ்ஷால் துடைத்தார். பிராசஸர் மேல் காய்ந்து கிடந்த, சூட்டைக் கடத்தும் பழைய பசையைச் சுரண்டி எடுத்து, அரிசி அளவுக்குப் புதுப் பசை வைத்தார். இரண்டு மணி நேரம் நிமிரவே இல்லை. டீ ஆறி ஏடு கட்டிவிட்டது.

தொண்ணூற்றொன்று. அப்பாவின் முகம் தொங்கிவிட்டது.

மார்ச் 8, ஞாயிறு

விசித்திரம். எது இத்தனை வேலை செய்கிறது என்று பார்க்க டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சூடு சடசடவென்று அறுபதுக்கு இறங்குகிறது. மூடினால் இரண்டே நிமிஷத்தில் பழையபடி தொண்ணூறு. டீச்சர் தலை தெரிந்ததும் வகுப்பு கப்சிப் ஆகுமே, அது மாதிரி. ஏழு தடவை செய்து பார்த்தேன். ஏழு தடவையும் அப்படியே.

ஆறிய இடைவெளியில் அம்மாவுக்கு ஒரு மெயில் எழுதினேன். அவளுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து பத்து நாள் ஆகிறது, கட்டுப் பிரித்துவிட்டார்களாம். ஐந்து மாதமாக எழுதிக்கொள்கிறோம். அவள் ஒரு பெட்டியோடு வீட்டை விட்டுப் போனபோது எனக்குப் பதினாலு வயது. இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அப்பா அவள் பேரைக்கூட உச்சரித்ததில்லை. தெரிந்தால் என்ன ஆகும்? நினைக்கவே பயமாக இருக்கிறது.

மார்ச் 11, புதன்

லேப்டாப்பைக் கடையில் கொடுத்தேன். பழுது பார்ப்பது ஒரு பெண். கொண்டையில் பென்சில் செருகியிருந்தாள். டாஸ்க் மேனேஜர் விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டாள். எதையும் தொடாமல் இரண்டு நாள் ஓடவிட்டுக் கண்காணிக்க வேண்டும் என்றாள்.

மார்ச் 13, வெள்ளி

ஒழுங்காக எழுத வருமா தெரியவில்லை.

போனில் சொல்ல மாட்டேன், நேரில் வாங்க என்றாள் கடைப் பெண். போனேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள்.

"இது ரிப்பேரே இல்ல மேடம். உள்ள ஒரு புரோகிராம் ஒளிஞ்சு ஓடிட்டிருக்கு. நீங்க திரையில பாக்கிறதையெல்லாம் படம் படமா எடுத்து ஒரு மெயிலுக்கு அனுப்புது."

எனக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னாள். நான் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் அது பதுங்கிக்கொள்ளுமாம். இத்தனை நாள் சத்தமில்லாமல் அனுப்பிக்கொண்டிருந்தது. மூன்று வாரம் முன்பு அந்த மெயில்பெட்டி நிரம்பிவிட்டது. அனுப்ப முடியாத படங்கள் குவிந்து, அவற்றைச் சுருக்கிச் சுருக்கி விடாமல் முயன்றுகொண்டே இருந்திருக்கிறது. சூடு அங்கிருந்துதான்.

எப்போது போட்டது என்று கேட்டேன். காட்டினாள். என் பிறந்தநாளுக்கு முந்தின நாள், காலை பதினொன்று இருபது.

எந்த மெயிலுக்கு? அதையும் காட்டினாள்.

அந்த மெயிலை உருவாக்கியதே நான்தான். ஓய்வு பெற்ற வருஷம், அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, எழுத்து எழுத்தாகச் சொல்லிக் கொடுத்து—

அப்பாவா? அப்பாவா?

மார்ச் 14, சனி

ஐந்து மாத மெயில்கள். ஒவ்வொரு வரியும்.

ஜனவரியில் அம்மாவுக்கு எழுதினேனே: விடிந்தால் அப்பா ரேடியோவை அலறவிடுகிறார், அவர் செருமுவதுகூட எரிச்சலாக இருக்கிறது என்று. அந்த வாரத்திலிருந்து ரேடியோ பாடவில்லை. ரிப்பேர் என்றார். நானும் நம்பினேன்.

படித்துவிட்டு அணைத்திருக்கிறார். படித்துவிட்டு என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.

மார்ச் 15, ஞாயிறு

காலையில் அப்பா பின்கட்டுக் குழாயடியில் ஏ.சி. வடிகட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னென்னவோ கேட்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்துப் போயிருந்தேன். வாயில் வந்தது இதுதான்: "அப்பா, உங்க மெயில்பாக்ஸ் நிரம்பிடுச்சு."

குழாயை மூடினார். திரும்பவில்லை. வடிகட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

போன வருஷம் என் மேசை இழுப்பறையில் அம்மாவின் பழைய போட்டோவைப் பார்த்தாராம். நீயும் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாயோ என்று பயந்தாராம். கேமரா மாட்டும் சிநேகிதர் ஒருவர் இதைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதனால் லேப்டாப் கொதிக்கும் என்று தெரியாதாம். சத்தியமாகத் தெரியாது என்றார். அதை நம்புகிறேன். தெரிந்திருந்தால் அந்த இரண்டு மணி நேரம் அப்படி உழைத்திருக்க மாட்டார்.

பயந்துதானே போட்டீர்கள், நான் போகவில்லை என்று தெரிந்த பிறகும் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன்.

வடிகட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு சொன்னார்: "அவ எழுதுறத படிக்கணும்னு இருந்துச்சும்மா."

இதை எதிர்பார்க்கவில்லை. எதை வேண்டுமானாலும் எதிர்பார்த்திருந்தேன், இதை இல்லை. கத்துவதற்கென்று இழுத்துப் பிடித்திருந்த மூச்சு அப்படியே நின்றுவிட்டது.

அதோடு விடவில்லை மனுஷர். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி: "மூணு வாரமா ஒண்ணும் வரல. கண்ணு ஆபரேஷன் என்ன ஆச்சு?"

நான் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

மார்ச் 16, திங்கள்

பாவமாகவும் இருக்கிறது. அருவருப்பாகவும் இருக்கிறது. இரண்டும் ஒரே ஆள் மேல் எப்படி வரும்?

மார்ச் 18, புதன்

பென்சில் கொண்டைக்காரி எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தாள். சும்மா இருக்கும்போது நாற்பத்தெட்டு. வேலை ஓடும்போது எழுபத்தைந்து. ஒப்பந்தக்காரருக்கு மாலையில் அனுப்பிவிட்டேன். படிக்கட்டு நன்றாக வந்திருக்கிறது என்றார்.

கடவுச்சொல்லை மாற்றினேன். அப்பாவோடு பேசவில்லை. மூன்று நாளாகத் தட்டை என் அறைக்கு எடுத்து வந்து சாப்பிடுகிறேன்.

மார்ச் 22, ஞாயிறு

அம்மாவுக்கு நடந்ததை எல்லாம் எழுதினேன். மறைத்தால் நானும் அவரும் ஒன்றாகிவிடுவோம். அவளுடைய கடிதங்களும்தானே களவு போயிருக்கின்றன.

மார்ச் 25, புதன்

பதில் இல்லை. போய்விட்டாளோ, இரண்டாம் முறையும்?

மார்ச் 27, வெள்ளி

பதில் வந்தது. நாலைந்து நாள் எதுவும் ஓடவில்லையாம். தன் எழுத்தை அப்பா படித்தார் என்பதைவிட, படிக்க ஆசைப்பட்டார் என்பதுதான் தன்னை உட்கார வைத்துவிட்டது என்று எழுதியிருக்கிறாள். கடைசியில்: "அவருக்குத் தெரியணும்னா நீ சொல்லு. அவரா எடுத்துக்க வேண்டாம்."

நான் இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 4, சனி

மத்தியானம் அப்பா என் அறைக் கதவைத் தட்டினார். திறந்துதான் இருந்தது, ஆனாலும் தட்டிவிட்டு வெளியிலேயே நின்றார். அவ எப்படி இருக்கா என்று கேட்டார்.

உட்காரச் சொன்னேன். கட்டிலின் ஓரத்தில், முதுகைத் திரைக்குக் காட்டியபடி உட்கார்ந்தார். நேற்று வந்த மெயிலைத் திறந்து இரண்டு வரி வாசித்தேன். இடது கண் தெளிந்துவிட்டது, தெரு முனையில் வரும் பேருந்தின் எண்ணைக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடிகிறது என்று.

மூன்றாவது வரி எனக்கு மட்டும் எழுதியது. அதை வாசிக்கவில்லை. அவரும் அதற்கு மேல் கேட்காமல், சரிம்மா என்று எழுந்து போனார்.