மாயெபூரில் ஒரு தட்டுச் சோறு

2024 பெப்ரவரி 6, ஹொல்ஸ்டெப்ரோ

வெளியே ஈரப் பனி. என்ர மனுசன் மேர்வினுக்குப் பாரிசவாதம் வந்ததிலிருந்து தொண்டை வேலை செய்யவில்லை. வயிற்றில் போட்ட குழாய் வழியாகத்தான் சாப்பாடு.

இவரோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் ஜோசியான் பார்க்க வந்தாள். மொரிசியஸ் கிரியோல் பெண். எங்கள் கலியாண வெள்ளி விழாவுக்கு நவம்பரில் அவளுடைய ஊருக்குத்தான் டிக்கெட் போட்டிருந்தோம். இவர் குழறிக் குழறி டேனிஷில் கேட்டார்: "உங்கட பக்கம் போனால் எங்கே சாப்பிடலாம்?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள். ஹோட்டலில் வேண்டாமாம். மாயெபூர் என்ற கடலோர ஊருக்குப் போக வேண்டுமாம். மீன்பிடிகாரர் சாப்பிடும் சின்னக் கடைகளாம், மத்தியானத்துக்கு முன்னம் போகாவிட்டால் பானை காலியாம். ரூகாய் என்று ஒரு தக்காளிக் குழம்பு, எட்டுக்கால் பேய்க்கணவாய்க் கறி, பருப்பு, கீரை.

இவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் எழும்பி வெளியே போய்விட்டேன். ஒரு சொட்டுத் தண்ணி விழுங்கேலாத மனுசனுக்கு இதெல்லாம் ஏன் சொல்லவேணும்?

பெப்ரவரி 8

குழாய் கடைசிவரை இருக்கவேண்டி வரலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

"இஞ்சாருங்கோ, டிக்கெட்டைக் கான்சல் பண்ணுவமே?"

"வேண்டாம். நான் அங்க போய்ச் சாப்பிடப் போறன், தவம்."

சொல்லும்போதே வாயோரம் எச்சில் வழிந்தது. துடைத்துவிட்டேன். கான்சல் பண்ணவில்லை.

பெப்ரவரி 20

விழுங்கப் பழக்கும் லோனே ஒரு கரண்டி தடிப்பான ஜூஸ் கொடுத்தாள். புரைக்கேறி இவர் முகம் நீலமாகிவிட்டது. போதும் நிப்பாட்டுங்கோ என்று கத்திவிட்டேன், தமிழில். அவளுக்கு விளங்கியிருக்கும்.

வீட்டில் இவருக்கு வாசனை போகாதபடி குசினிக் கதவைச் சாத்திவிட்டு நின்றபடி சாப்பிட்டேன். கொஞ்ச நாளாக இப்படித்தான். களவெடுத்துத் தின்கிற மாதிரி இருக்கிறது. ஆண்டவரே, இன்னும் எவ்வளவு காலம்?

மார்ச் 3

ஒரு கரண்டி இறங்கியது. இருமல் இல்லை.

ஏப்ரல் 14

ஜோசியான் ரூகாயை அரைத்து, வடித்துக் கொண்டுவந்தாள். லோனே கரண்டியைச் சரித்துத் தடிப்பைப் பார்த்துவிட்டு, கொடுக்கலாம் என்றாள். இவர் வாயில் வைத்தபடி கனநேரம் இருந்தார். லோனே பழக்கியபடி நாடி நெஞ்சில் படக் குனிந்தார். தொண்டை ஏறி இறங்கியது.

நாங்கள் மூன்று பேரும் மூச்சுவிடவில்லை.

"உப்புக் காணாது," என்றார்.

ஜோசியான் சிரித்துக்கொண்டே அழுதாள். நானும்தான்.

ஜூன் 27

குழாயை எடுத்துவிட்டார்கள். வயிற்றில் சின்ன பிளாஸ்டர் மட்டும். வீட்டுக்கு வந்து மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து குழைத்த சோறு சாப்பிட்டோம். கதவு சாத்தவில்லை.

ஆகஸ்ட் 19

கடித்து மெல்லப் பழகுகிறார். மிளகாய் கேட்டுச் சண்டை. கொடுக்கவில்லை.

நவம்பர் 9, மாயெபூர்

காற்று முகத்தில் ஆவி மாதிரி அடிக்கிறது. ஹோட்டல் சாப்பாட்டைத் திரும்பியும் பார்க்காமல் இவர் பொல்லை ஊன்றிக்கொண்டு முன்னுக்கு நடந்தார். பஸ் நிலையத்தில் விசாரித்து, கடலைப் பார்த்த ஒரு தகரக் கடைக்குப் போனோம். நாலே மேசை.

பேய்க்கணவாய் ரப்பர் மாதிரி இழுபடுமே, இவருக்குப் புரைக்கேறினால்? கடைக்காரிக்கு இவருடைய தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். அவள் ஒரு துண்டை அகப்பையால் அமத்திக் காட்டினாள், வெண்ணெய் மாதிரி நசிந்தது. முன்பின் தெரியாத ஒருத்தி கையைப் பிடித்தால் அவள் என்ன நினைப்பாளோ தெரியாது. பிடித்தேன்.

இவர் ஒவ்வொரு வாயையும் ஆறுதலாக மென்றார். பக்கத்து மேசைக்காரர் சாப்பிட்டு எழும்பிப் போய், வேறு ஆட்கள் வந்து, அவர்களும் போய்விட்டார்கள். கடைக்காரி அவசரப்படுத்தவில்லை. கடைசியில் தட்டில் ஒரு பருக்கையும் இல்லை.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது.

"சொன்னன்தானே, தவம்."

"ஓம், சொன்னனீங்கள்."

பிறகு வெறும் தட்டைக் கடைக்காரியிடம் நீட்டினார், ராசா மாதிரி.

நவம்பர் 26, ஹொல்ஸ்டெப்ரோ

சட்டியைத் திறந்து பார்த்து, "இண்டைக்கும் சால்மனோ?" என்று முகத்தைச் சுழித்தார். நல்லா ஏசினேன், வேலை முடிந்து வந்து சமைக்கிறவளுக்கு இதுதான் மரியாதையோ என்று. ஏசிக்கொண்டே இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டேன். அதையும் சாப்பிட்டார்.