அப்பா கட்டிய புகைக்கூண்டும் பதினோரு உருண்டை வெல்லமும்

1935 செப்டம்பர் 3, செவ்வாய்

காலையில் புகைக்கூண்டிலிருந்து ஒரு செங்கல் கழன்று அடுப்பில் விழுந்தது. பருப்புச் சட்டி தூள். செங்கல்லை எடுத்துத் துடைத்துப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. அப்பா சொந்தமாகச் சூளை வைத்துச் சுட்ட கல் அல்லவா! சந்தோஷம் தாங்காமல் சௌந்திரத்திடம் காட்டினேன். புருஷன் சந்தோஷத்தில் பெண்டாட்டிக்குப் பாதி பங்கு என்று எந்த மடையன் சொன்னான்?

"அப்பொ மத்தியானம் அந்தக் கல்லையே பெசஞ்சு தின்னுங்க" என்றாள்.

பழைய சோறும் வெங்காயமும்தான் கிடைத்தது.

செப்டம்பர் 5, வியாழன்

சமையல்கட்டை விட்டுவிட்டு மாட்டுக் கட்டுத்தரையில் மூன்று கல்லைக் கூட்டி அங்கே சமைக்க ஆரம்பித்துவிட்டாள். கூண்டு புகையை வெளியே விடாமல் உள்ளேயே கக்குகிறதாம். கண் எரிகிறதாம். இருபத்துநாலு வருஷமாக எரியாத கண் இப்போதுதான் எரிகிறதா என்று கேட்டேன்.

"இருபத்திநாலு வருசமா எரியுதுங்க. நீங்க இன்னைக்குத்தான் கேட்டீங்க."

வெற்றிலை போட்டுக்கொண்டேன்.

பிறகு கண்டிஷன் போட்டாள். "ஐப்பசி மழை புடிச்சா கட்டுத்தரையில ஆக்க முடியாது. அதுக்குள்ள கூண்டு புகையை வெளிய தள்ளோணும். இல்லீனா இடிச்சுப் போடோணும். ரெண்டுல ஒண்ணு."

சரி என்று சொல்லிவிட்டேன். இடிப்பதாவது! முப்பத்தேழு வருஷத்துக்கு முன்னே அப்பா சேலத்தில் ஒரு துரை பங்களாவில் பார்த்து, அதே மாதிரி வேண்டுமென்று வந்து கட்டியது. இந்தப் பக்கத்தில் வேறு எந்த வீட்டில் செங்கல் கூண்டு இருக்கிறது? சுப்பையன் வீடு எது என்று கேட்டால் ஊரில் நாலு வீட்டைக் காட்டுவார்கள். கூண்டூட்டுக்காரர் என்றால் நேராக என் வாசலுக்கு வருவார்கள். ரிப்பேர் பார்ப்போம். இடிக்கிற பேச்சே கிடையாது.

செப்டம்பர் 8, ஞாயிறு

பக்கத்து வீட்டுச் சென்னிமலை அண்ணன் தூக்குக்குண்டும் நூலுமாக வந்து நின்றார். பெரியப்பா மகன். எங்களுக்குள் பொதுச் சுவர் தகராறு பத்து வருஷமாக நடக்கிறது, இப்போது இது வேறு.

"தம்பி, உன்ற கூண்டு என்ற கட்டுத்தரைப் பக்கம் மூணு விரக்கடை சாஞ்சிருக்குது. நாளைக்கு உழுந்து என்ற எருமை செத்துப் போச்சுன்னா?"

கூண்டு நேராகத்தான் நிற்கிறது, உங்கள் கட்டுத்தரைதான் சாய்ந்திருக்கிறது என்றேன். நூலைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் இரண்டு பேரும் கத்தினோம். எருமை மட்டும் சத்தம் போடவில்லை.

போன பிறகு நானே நூல் விட்டுப் பார்த்தேன். நாலு விரற்கடை.

செப்டம்பர் 14, சனி

கொத்தனார் கந்தப்பன் வந்தார். நல்ல வேலைக்காரர், ஆனால் வாய் நீளம். ஒரு மூங்கில் நுனியில் சாக்கைக் கட்டி அடுப்புப் பக்கமிருந்து மேலே விட்டு ஒட்டடையைக் குத்தினார். இரண்டு கூடை கரி விழுந்தது. பாதிக்கு மேல் மூங்கில் ஏறவில்லை.

"ஏஞ்சாமி, பாதியில எதோ முட்டுதுங்களே?"

துரை பங்களாக் கூண்டு அப்படித்தான் வளைவாக இருக்கும், உனக்கென்ன தெரியும், வேலையைப் பார் என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு வெளியே வந்தார்.

பழைய பூச்சைக் கொத்திவிட்டு, சுண்ணாம்பும் மணலும் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீர் விட்டு இடுக்கெல்லாம் அடைத்துப் பூசப்போகிறார். தொட்டிக்கு ஓர் உருண்டை வெல்லம் போதுமாம். வெல்லத்துக்கு நான் எங்கே போகவேண்டும்? போன தையில் என் கரும்பில் காய்ச்சியது மொடா மொடாவாகக் கிடக்கிறது.

செப்டம்பர் 17, செவ்வாய்

இதை யாரிடமும் சொல்லவில்லை, இங்கே மட்டும் எழுதுகிறேன். கந்தப்பன் சாப்பிடப் போனபோது தொட்டியில் இன்னும் பதினோரு உருண்டை போட்டுக் கலக்கிவிட்டேன்.

ஓர் உருண்டையாம்! விருந்தாளிக்குப் பானகம் கரைத்தால்கூட மூன்று போடுகிற வீடு இது. அப்பா கட்டின கூண்டுக்கு ஓர் உருண்டை போட்டேன் என்று நாளைக்கு எவனாவது சொல்லலாமா? ஒன்று போட்டால் கெட்டி என்றால் பன்னிரண்டு போட்டால் கருங்கல் அல்லவா ஆகும்? மோகனூர்ச் சந்தையில் என் வெல்லத்துக்கு இருக்கிற பேரே தனி.

செப்டம்பர் 20, வெள்ளி

பூச்சு முடிந்தது. தேங்காய் உடைத்தோம். பார்க்க வெகு அழகு.

செப்டம்பர் 23, திங்கள்

எறும்பு.

செப்டம்பர் 25, புதன்

கட்டெறும்பு, சிற்றெறும்பு, செவ்வெறும்பு. இத்தனை ஜாதி இருப்பது இத்தனை நாள் தெரியாது. கூண்டின் உச்சியிலிருந்து அடிவரைக்கும் சாரை சாரையாக ஏறி இறங்குகின்றன. மேலே தேனீ வேறு. பூச்சு காயவே இல்லை. விரலால் அழுத்தினால் விரல் உள்ளே போகிறது.

கந்தப்பனைக் கூப்பிட்டனுப்பினேன். தொட்டு நாக்கு நுனியில் வைத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, இது சுண்ணாம்பா, பலகாரமா?"

எனக்கு எப்படித் தெரியும் என்று எரிந்து விழுந்தேன். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. கட்டுத்தரையில் சமைத்துக்கொண்டிருந்த சௌந்திரத்துக்கும் புரிந்துவிட்டது. அவள் முதுகு குலுங்கியதை வைத்தே சொல்கிறேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

விடியற்காலையில் சென்னிமலை அண்ணன் வாசலில் நின்று கத்தல். அவருடைய எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, சந்துப் பக்கம் கூண்டின் அடியில் இரண்டு முழ உயரத்துக்குப் பூச்சை நக்கியே தீர்த்துவிட்டது.

"உன்ற கூண்டைத் தின்னுபோட்டு என்ற எருமைக்கு வவுறு போகுது! வைத்தியனுக்கு யாரு சொல்லுவா?"

என் கூண்டை உன் எருமை தின்றதற்கு நான் அல்லவா பஞ்சாயத்து வைக்கவேண்டும்? அதையும் கத்திச் சொன்னேன். ஊரே கூடிச் சிரித்தது. கூண்டூட்டுக்காரர் என்று ஒருத்தர்கூட இன்றைக்குக் கூப்பிடவில்லை, வெல்லக்கட்டி என்றார்கள்.

அக்டோபர் 11, வெள்ளி

மழை. ஐப்பசி பிறக்கவே இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. யாரைக் கேட்டு வந்தது?

கட்டுத்தரை அடுப்பு மிதந்துவிட்டது. சௌந்திரம் ஈர விறகைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் வாசற்கதவு வழியாகப் புகை வந்தது. கூண்டு வழியாக எறும்பு வந்தது. வெளிச்சுவரில் வெல்லத்தண்ணீர் வழிந்தது.

அவள் திட்டியிருந்தால் தேவலை. திட்டவே இல்லை. சோற்றைப் போட்டுவிட்டுக் கிணற்றடியில் போய் நெடுநேரம் கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 12, சனி

எடப்பாடிக்குத் தன் தம்பி ராசப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது சொன்னது: "எனக்குக் கண்ணு வேணுமுங்க. கூண்டு நிக்கறதா, நான் இருக்கறதான்னு நீங்களே பாத்துக்குங்க. கூண்டு போச்சுன்னு சேதி வந்தா நான் வாரேன்."

இருக்கட்டுமே! இதற்கெல்லாம் மசிகிற ஆளா நான்? மகள்கள் இரண்டு பேரும் கட்டிக்கொடுத்த ஊரில் இருக்கிறார்கள், சரி. ஒருத்தனுக்குச் சோறு பொங்க எவ்வளவு நேரம் ஆகும்? எங்கம்மா நாற்பது பேருக்கு இதே அடுப்பில் பொங்கினாள்.

சென்னிமலை அண்ணி சோறு கொடுத்தனுப்பினாள். வேண்டாமென்று திருப்பிவிட்டேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

சோறும் கொள்ளு ரசமும் வைப்பதாக ஏற்பாடு.

விறகு ஈரம். ஊதினேன். புகை. ஊதினேன் — ஐயோ, எங்கிருந்துதான் இவ்வளவு வருது! வெளியே ஓடினேன். மூச்சு வந்ததும் உள்ளே போனேன். மறுபடி ஓட்டம். நாலாவது தடவை நிலைப்படியில் தலை இடித்தது. கண்ணைத் திறந்தால்தானே நிலைப்படி தெரியும்? அரிசி ஒரு பக்கம் தீய்ந்து ஒரு பக்கம் விறைத்தது. ரசத்தில் எறும்பு எத்தனை, கொள்ளு எத்தனை என்று பிரிக்க முடியவில்லை.

வாசலில் உட்கார்ந்து தாரை தாரையாகக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். சுவருக்கு மேலே சென்னிமலை அண்ணன் தலை.

"ஏந்தம்பி, யாரு செத்துப் போனாங்க? ஒறமொறைக்குச் சொல்லியுடோணுமா?"

அண்ணியிடம் சோறு மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

மூன்றாம் நாள் சமையல். கண் இரண்டும் கோவைப்பழம். முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்தேன். எங்கம்மா என்னைப் பார்த்தாள்.

அதே கண். எங்கம்மாவுக்கு அழுமூஞ்சி என்று பேர். முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துத்தான் பரிமாறுவாள். "என்னேரமும் ஒப்பாரி" என்று அப்பா கேலி செய்வார், நாங்களெல்லாம் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். கடைசி ஆறு வருஷம் அவளுக்குப் பார்வை இல்லை. என் முகத்தைத் தடவிப் பார்த்துத்தான் சுப்பையனா என்பாள். வயசாகிவிட்டது என்றோம்.

ஐம்பத்திரண்டு. அது ஒரு வயசா?

அவள் அழவே இல்லையே! அடுப்பு ஊதினாள். அவ்வளவுதானே? ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் உள்ளே போய் உட்கார்ந்து பார்த்திருக்கக் கூடாதா?

சௌந்திரத்துக்கு நாற்பத்தொன்று நடக்கிறது.

அக்டோபர் 16, புதன்

கந்தப்பனிடம் போய் நானே சொன்னேன், இடித்துவிடு என்று. கடப்பாரை எடுத்து வந்தார். அது தேவைப்படவில்லை, கையால் எடுத்தாலே கல் வந்தது. அவ்வளவு நல்ல பூச்சு.

சென்னிமலை அண்ணன் தலைதெறிக்க ஓடிவந்தார். நன்றாயிற்று என்று சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். "அட பாவி, சித்தப்பன் கட்டுனதடா! நம்ம வம்சத்துக்கே அதுதாண்டா பேரு! சாஞ்சா சாஞ்சுட்டுப் போகுது, எருமையை நான் மாத்திக் கட்டிக்கறேன்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மனுஷன் கண்ணில் நிஜமான தண்ணீர். அவரைச் சமாதானப்படுத்தவே ஒரு மணி நேரம் ஆயிற்று.

பாதி உயரம் இறங்கியதும் கந்தப்பன் கூப்பிட்டுக் காட்டினார். வெளியே மூன்று முழ அகலக் கூண்டு. உள்ளே ஓர் ஆள் கை முஷ்டி போகிற துவாரம், அதுவும் பாதி தூரம்தான். அதற்கு மேலே இதுவரை இடித்ததெல்லாம் அடைத்துக் கட்டின கல்.

"சாமி, உங்கப்பாரு துரை பங்களாவை ரோட்டுல நின்னு பாத்திருக்கறாருங்க. உள்ள போயிப் பாக்கலீங்க. இதுல எந்தக் காலத்துலயும் புகை போயிருக்காதுங்க."

அப்படியென்றால் தூரத்திலிருந்து எங்கள் வீட்டில் தெரிந்த புகை? ஓட்டு இடுக்கில் வந்ததாம். நானும் சென்னிமலை அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் மெதுவாகத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கல் எடுக்க ஆரம்பித்தார்.

அக்டோபர் 21, திங்கள்

அடுப்புக்கு நேர் மேலே கூரை ஓடுகளைத் தூக்கி, புகை போக அகலமாக வழி விட்டாயிற்று. கிழக்குச் சுவரில் ஒரு ஜன்னல். மூன்று நாளாக நானே சமைத்து, கடைசிவரை உள்ளேயே உட்கார்ந்து பார்க்கிறேன். சோறு குழைகிறது. கண் எரியவில்லை.

ராசப்பனுக்குக் கார்டு போட்டேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

மத்தியானம் சௌந்திரம் வந்தாள். இடித்த இடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நேராக உள்ளே போனாள். வேண்டுமென்றே ஈர விறகாகப் பொறுக்கி வைத்து, ஜன்னலையும் சாத்திக்கொண்டு அடுப்பை மூட்டினாள். நான் வெளியே நின்றேன். இருமல் வருகிறதா என்று காது கொடுத்தேன். வரவில்லை. உலை கொதிக்கிற சத்தம் மட்டும் வந்தது.

நெடுநேரம் கழித்துக் குரல் கொடுத்தாள்.

"ஏனுங்க, உப்பை எங்க வெச்சிருக்கறீங்க?"

உள்ளே போய் எடுத்துக் கொடுத்தேன்.