ஒரு சாண் கீழே இறங்கிய நீலம்

மாப்ளே,

நாம் 'அமெரிக்கச் சாமளாபுரம்' என்று பட்டப்பெயர் வைத்த ஊர்க்காரர்களின் ஆர்டர் இந்த வருஷமும் வந்துவிட்டது. அலமாரியிலிருந்து பழைய சேம்பிள் பனியனை எடுத்து உதறினேன். காய்ந்த பிரிண்டிங் பேஸ்ட்டின் வாடை குப்பென்று ஏறியது. அந்த வாடைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தனியாக வராது, உன்னையும் கூட்டிக்கொண்டுதான் வரும். நீ போய்ச் சேர்ந்து இரண்டு ஆடி முடிந்துவிட்டது. ஆனாலும் என் தோளுக்குப் பின்னால் நின்று, "என்னவே, நம்ம ஊருத் துணி வந்துட்டா?" என்று நீ கேட்டதுபோலவே இருந்தது.

அதற்கு அரை மணி நேரம் கழித்து நான் டீ கிளாஸைக் கீழே போட்டு உடைத்தேன். அந்தச் சத்தம் வேலம்பாளையத்தைத் தாண்டி சோமனூர் வரைக்கும் கேட்டிருக்கும். ஏன் போட்டேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். மனம் இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை.

ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளப் புதிதாக ஒரு மெர்ச்சண்டைசர் பொண்ணு வந்திருக்கிறது. கெட்டிக்காரி. ஆர்டரைப் பார்த்துவிட்டு, "முப்பத்தாறே பீஸுங்க மாமா. இதுக்குப் போய் பிரிண்டிங் டேபிள் போடோணுங்களா? முடியாதுன்னு மெயில் போட்டுர்றனுங்க" என்றது.

என் ரத்தம் கொதித்து நெற்றி வழியாக ஆவி கிளம்பிவிட்டது. "கண்ணு, அது எப்பேர்ப்பட்ட ஊருன்னு தெரியுமா உனக்கு?" என்று ஆரம்பித்து, அந்த ஊரின் சரித்திரமும் பூகோளமும் கலந்த முக்கால் மணி நேரப் பிரசங்கத்தை இருபது நிமிடத்தில் சுருக்கிச் சொன்னேன். எல்லாம் நாம் இருவரும் சேர்ந்து எழுதிய சரித்திரம். கப்பலேறிப் போய் அமெரிக்காவைக் கண்டுபிடித்தவர்களுக்கு மாதக்கணக்கில் ஆனது. நமக்கு ஒரு டீ டைம் போதுமாக இருந்தது. பனியனில் இருந்த படத்தையும் ஆர்டர் சீட்டில் இருந்த சைஸ் கணக்கையும் வைத்தே முழு ஊரையும் கட்டி எழுப்பிவிட்டோமே!

கூம்புக் கோபுரத்தோடு ஒரு சர்ச். ஏழு கடை. காலூன்றி நிற்கும் ஒரு தண்ணீர்த் தொட்டி. ஒற்றை ரயில் பாதை. தானியம் கொட்டி வைக்கும் உருண்டை டப்பா ஒன்று. பாதிக்குமேல் மூன்று எக்ஸெல் சைஸ் கேட்கிறார்கள், ஆகவே சோற்றுக்குப் பஞ்சமில்லாத பூமி, ஏறி இறங்க மலையும் கிடையாது. இது என் ஆராய்ச்சி. வருஷா வருஷம் குழந்தை சைஸ் குறைந்துகொண்டே வந்து ஒரு வருஷம் ஒன்றுகூட இல்லாமல் போனதை நீதான் கவனித்தாய். "பள்ளிக்கூடத்த மூடிட்டான்வே. பிள்ளைய எல்லாம் பொழைக்கப் போயிட்டு, எங்க ஊரு மாதிரியே" என்றாய். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நீ பஸ்ஸேறி வந்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சொன்னாய்.

அந்த முதல் வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ அப்போது பிரிண்டிங் மாஸ்டர். நான் பிரிண்டைப் பார்த்து, சீட்டில் கையெழுத்துப் போட்டு பாஸ் செய்கிறவன். கறுப்பு ஸ்கிரீனில் ஊர், நீல ஸ்கிரீனில் அலை. படத்தில் அலை கோபுரத்தின் உச்சியில் இருந்தது. சிலுவை மட்டும் வெளியே தெரிந்தது, கடையெல்லாம் தண்ணீருக்கு அடியில். நீ தலையில் அடித்துக்கொண்டாய்.

"படம் போட்டவன் நீலத்த மாத்தி வச்சிட்டான்வே. எந்தக் கிறுக்கன் கோயிலத் தண்ணிக்குள்ள முக்குவான்?"

"மாப்ளே, கை வெக்காதீங்க. ஆர்டர் குடுத்த பையர் அனுப்புனது."

"பையருக்குக் கோயில் தெரியுமா, எனக்குத் தெரியுமா? ஞாயித்துக்கெழம தவறாமப் போறவன்வே நான்."

நீலத்தை ஒரு சாண் கீழே இறக்கினாய். அலை சர்ச்சின் வாசற்படிக்குக் கீழே ஆறாக ஓடியது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. நானும் மயங்கிப்போய் சீட்டில் கையெழுத்துப் போட்டேன். சரக்கு கப்பலேறிய பிறகுதான் விஷயம் முதலாளிக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவர் போட்ட சத்தத்தில் ஓடுகிற மிஷினெல்லாம் தானாக நின்றது. நீ ஒரு அடி முன்னால் வந்தாய். "நாந்தான் எறக்குனேன். இவருக்கு ஒண்ணும் தெரியாது" என்றாய்.

அந்தச் சீட்டு அப்போது என் சட்டைப் பைக்குள் இருந்தது, மாப்ளே. ஊரே நடுங்க வாயடிக்கிற நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. உன்னை டேபிளிலிருந்து இறக்கி பேக்கிங்கில் போட்டார்கள். சாகிறவரைக்கும் பனியன் மடித்தாய். அடுத்த வருஷம் அதே ஆர்டர், 'போன வருஷம் போலவே' என்று வந்தபோது, "பாத்தீராவே, அவனுக்கே புத்தி வந்துட்டு" என்று சிரித்தாய். ஆனாலும் உன்னைத் திரும்ப டேபிளுக்குக் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் இன்று அந்தப் பொண்ணிடம் அளந்தேன். அது சிரித்துக்கொண்டே செல்போனில் ஊரின் பெயரைத் தட்டியது. மெல்லச் சிரிப்பு நின்றது.

"மாமா... அந்த ஊரு இல்லீங்க."

"இல்லையா? நல்லாத் தேடு கண்ணு, ஆத்தோரமா இருக்கும்."

"ஆறும் இல்லீங்க. அணை கட்டி மொத்த ஊரையும் முழுக்கிட்டாங்களாமா. நாம பனியன் அடிக்க ஆரம்பிக்கறதுக்கு ரொம்ப முந்தியேங்க."

அப்போதுதான் கிளாஸ் விழுந்தது.

பொண்ணு படிக்கப் படிக்க நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். உழவு செய்ய வந்தவர்கள் ஆற்று வளைவில் கட்டிய ஊராம். ரயில் வந்ததும் வளர்ந்ததாம். பிறகு வீடுகளைப் பலகை பலகையாகப் பிரித்தார்களாம். கல்லறைகளைத் தோண்டிச் செத்தவர்களைக்கூட மேட்டுக்குக் கொண்டுபோனார்களாம். சர்ச் கட்டடத்தை மட்டும் பெயர்க்க முடியவில்லை. அங்கே பிறந்தவர்கள் வருஷத்துக்கு ஒரு நாள் தண்ணீர்க் கரையில் கூடிச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். நம் பனியன் அந்த ஒரு நாளுக்குத்தான். அந்த ஊரில் அதற்குப் பிறகு யாரும் பிறக்கவில்லை, மாப்ளே. பேரன் பேத்திகளும் வளர்ந்து, வருவதை நிறுத்திவிட்டார்கள். குழந்தை சைஸ் குறைந்தது அதனால்தான்.

ஒரு போட்டோ. நரைத்த தலைகள், எல்லார் நெஞ்சிலும் நம் பனியன். கீழே ஒரு கிழவி எழுதியிருந்ததைப் பொண்ணு தமிழில் சொன்னது: "முதல் தடவை பனியன் தப்பாக வந்தது. எங்கள் ஊர் தண்ணீருக்கு மேலே நின்றது. திருப்பி அனுப்பலாம் என்றோம். என் வீட்டுக்காரர் அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. இப்படியே இருக்கட்டும் என்றார்."

செல்போனை வாங்கி, ஒவ்வொரு நெஞ்சிலும் நீலம் எங்கே நிற்கிறது என்று பார்த்தேன்.

நீ பேக்கிங்குக்குப் போன பிறகு, பவானிசாகர் அணை வற்றிய வருஷம் நாம் கம்பெனி வேனில் போனோமே. சேற்றுக்குள்ளிருந்து பழைய கோயில் எழுந்து நின்றதே. மீன் வறுக்கிறவரிடம், "இங்க இருந்த சனமெல்லாம் எங்கய்யா?" என்று நீ கேட்டாய். "மேட்டுக்குப் போய்ட்டாங்க" என்றார் அவர். திரும்பி வரும்போது நீ ஜன்னல் வழியாக அணைப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய். நான் நாலு துண்டு மீன் கூடுதலாகத் தின்றேன். முங்கிய கோயிலைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து, மறுவாரமே அந்த வருஷத்துப் பனியனைப் பாஸ் செய்தேன். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

நேராக முதலாளி அறைக்குப் போனேன். இத்தனை வருஷமாக என் பர்ஸில் நைந்துபோன அந்தச் சீட்டை மேஜையில் விரித்தேன். "இதுல இருக்கறது என்ற கையெழுத்துங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அன்னைக்கு அவரு சொன்னது பொய்யிங்க. நானுந்தான் பாத்து பாஸ் பண்ணுனனுங்க" என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அவரு இருக்கறப்ப சொல்லீருக்கலாமில்லீங்க?" என்றார். அவ்வளவுதான். அவர் பழையபடி கத்தியிருந்தால் தேவலாம்.

முடியாது என்கிற மெயில் போகவில்லை. முப்பத்தாறு பீஸையும் நானே பழைய டேபிளில் அடித்தேன். நீலத்துக்கு நீ பேனாவால் கிழித்த கோடு டேபிள் ஓரத்தில் இன்னும் இருக்கிறது. 'இதுக்கு மேல ஏறாதே' என்ற உன் கோணல் எழுத்தும் பக்கத்திலேயே இருக்கிறது. புதுச் சீட்டில் பிரிண்டிங் மாஸ்டர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதி, அதற்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.

"யாருங்க மாமா இது?" என்று பொண்ணு கேட்டது.

"நீலத்த எறக்குனவரு, கண்ணு. இவரு பேர அந்தக் கெழவிக்கு எழுதிப் போடு."

முப்பத்தாறு சர்ச்சும் இப்போது கொடியில் காய்கின்றன, மாப்ளே. ஒன்றில்கூடத் தண்ணீர் வாசற்படி ஏறவில்லை.